இரண்டு லிட்டரில் வந்தவாசி

அன்று காலை அந்த வண்டியில் இருந்தவர்கள் மூன்று பேர். ஓட்டியது நான். எனக்குப் பின்னால் அப்பா. இடது பக்கம் ஒட்டியிருந்த தொட்டியில் பெரிய அத்தை, அத்தையின் மடியில் தாம்பாளம், தாம்பாளத்தில் மஞ்சள் துணி மூடிய பவானி அக்காவின் முகூர்த்தப் புடவை. வராதவர்கள் மூன்று பேர். அக்கா, ஏனென்றால் அந்தப் புடவையை அவள் அப்போது பார்க்கக் கூடாது. அம்மா, ஏனென்றால் தொட்டியில் அத்தை உட்கார்ந்த பிறகு ஒரு எலுமிச்சம்பழத்துக்குக்கூட இடமில்லை. மெக்கானிக் அன்வர் பாய், ஏனென்றால் அவருக்கு அறிவு இருந்தது. இருபத்தொன்பதாவது கிலோமீட்டர் வரை கூடவே வந்துவிட்டு அதற்கு மேல் வர மறுத்தது பெட்ரோல்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் போன முதல் ஆள் நான். (அப்பாவும் போயிருக்கிறார். ஓட்டுப் போட.) பட்டுத் தறியில் உட்கார்ந்த பரம்பரையில் திடீரென்று ஒருவன் டிப்ளமா மெக்கானிக்கல் முடித்துவிட்டால் வீட்டில் என்ன நடக்கும் தெரியுமா? எண் என்று எது வந்தாலும் அவனிடம் வரும். கரண்ட் பில், மருந்துச் சீட்டு, ரேஷன் கடையிலிருந்து வரும் குறுஞ்செய்தி, எல்லாவற்றையும் நான் பார்த்துத் தலையசைத்தால்தான் அது உண்மை. "அவன் படிச்சவன், கணக்கு போட்டுட்டான்" என்று அம்மா சொல்லிவிட்டால் ஆரணியை ஒட்டிய சேவூரில் எங்கள் தெரு முழுக்க வழக்கு முடிந்தது. சரிபார்க்க ஆளில்லாதவன் போடும் கணக்கு எப்போதும் சரியாகத்தான் இருக்கும், ரோட்டுக்கு வரும்வரை.

இனி வண்டியைப் பற்றி. அன்வர் பாயின் கடையில் சென்னைக்காரர் ஒருவர் அதை விட்டுவிட்டுப் போயிருந்தார். பழைய முந்நூற்றைம்பது சி.சி. மோட்டார் சைக்கிள். அதன் இடுப்பில் ஒரு தொட்டி, தொட்டிக்குக் கீழே மூன்றாவதாக ஒரு சக்கரம். பழைய படத்தில் வில்லனின் அடியாள் உட்கார்ந்து வருவானே, அதே சைடுகார். இந்த மாதிரி நாலு வண்டி வாங்கி, ஊர் சுற்றிப் பார்க்க வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு படவேடு, சந்தவாசல், வந்தவாசி என்று சுற்றுலா நடத்துவது அவர் திட்டம். அதற்கு அவருக்கு இரண்டு விவரம் வேண்டும். மூன்று பேரோடு ஓடினால் லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும்? ஒரு டேங்க் நிரப்பினால் எதுவரை போகும்?

"ஓட்னா தெரிஞ்சிடப் போவுது" என்றார் அன்வர் பாய்.

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. படித்து முடித்து ஆறு மாதம் வேலையில்லாமல் இருந்தேன். இதோ, ஒரு பொறியியல் கேள்வி ஆரணியைத் தேடி வந்து, என் வீட்டிலிருந்து நூறு அடியில் ஸ்டாண்டு போட்டு நிற்கிறது. "பாய், நான் டெஸ்ட் பண்ணி ரிப்போர்ட் எழுதித் தரேன். டைப் பண்ணி, டேபிள் போட்டு." சென்னைக்காரர் அதைப் படித்துவிட்டு 'இத்தனை நாள் எங்கே இருந்தாய்' என்று கேட்பார், ஒரு நாற்காலி, ஒரு மின்விசிறி, மாதம் பிறந்தால் சம்பளம் என்று அங்கேயே நின்றபடி பார்த்துவிட்டேன். மின்விசிறி சுற்றும் சத்தம்கூடக் கேட்டது.

சோதனைக்கு மூன்று பேர் வேண்டும், நீண்ட தூரம் வேண்டும். அந்த வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் இரண்டும் இருந்தன.

முகூர்த்தப் புடவை மாப்பிள்ளை வீட்டார் கொடுப்பது. எங்களுக்குள் ஒரு வேடிக்கை, பெண்ணின் அப்பாவே நெசவாளியாக இருந்தால் அவரிடமே நெய்யக் கொடுப்பார்கள். அப்பா நெய்தார், ஒன்றரை மாதம், அக்கா பார்த்துவிடாமல் தறிக்குக் குறுக்கே பெட்ஷீட் கட்டிக்கொண்டு. (எங்கள் வீடே ஒரே கூடம்தான். அந்த ஒன்றரை மாதமும் அக்கா அடுப்படிக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு பக்கவாட்டில் நடந்தாள்.) நெய்த புடவை மாப்பிள்ளை வீட்டுக்குப் போய், அவர்கள் சாமி முன்னால் கற்பூரம் காட்டி, அவர்கள் புடவையாகித் திரும்பி வரவேண்டும். இதில் இரண்டு நிபந்தனை. தாம்பாளத்தை எடுத்தவர் கையிலிருந்து அது கை மாறக் கூடாது, தரையைத் தொடக் கூடாது. ராகுகாலத்துக்கு முன்னால் அந்த வீட்டு வாசற்படி ஏறிவிட வேண்டும். வெள்ளிக்கிழமை, பத்தரைக்கு ராகுகாலம்.

வந்தவாசியில் இருந்த சம்பந்தியம்மா இந்த விஷயத்தில் கறாரானவர். எங்களுக்கு முன்னால் செய்யாற்றில் ஒரு சம்பந்தம் பேசி, தட்டு மாற்றும்போது விளக்கு அணைந்துவிட்டது என்று எழுந்து வந்தவராம். "ஃபேன் போட்டாங்க, அணைஞ்சிது" என்று அந்த வீட்டார் எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லையாம். இந்தக் கதையை அத்தை எங்களுக்கு வாரம் ஒரு முறை சொல்லிக்கொண்டிருந்தார். அக்காவுக்கு அந்த இடம் மிகவும் பிடித்திருந்தது. மாப்பிள்ளை சதீஷோடு போனில் பேசும்போது மட்டும் அவள் குரல் எங்கள் வீட்டுக் குரலாக இருக்காது.

அப்பா வாடகைக் கார் சொல்லி வைத்திருந்தார். "கார் இன்னாத்துக்குப்பா? நான் கூட்டினு போறேன். அத்தைக்கு காலு மடக்க வேணாம், சேர்ல குந்தன மாதிரி வரலாம்" என்றேன். படித்தவன் சொல்லிவிட்டான். கார் போயிற்று.

வியாழன் மாலை அன்வர் பாயின் கடையில் டேங்கைச் சொட்டில்லாமல் வடித்தேன். அளவுக் குடுவையில் பெட்ரோலை ஊற்றிக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, துல்லியமாக இரண்டு லிட்டர் ஊற்றினேன். பிறகு நோட்டில் எழுதினேன். தொட்டி இல்லாமல் இந்த வண்டி கொடுப்பது லிட்டருக்கு முப்பத்தைந்து. தொட்டிக்காக ஐந்து கழிக்க, முப்பது. (ஏன் ஐந்து என்று கேட்காதீர்கள். கழிப்பதற்கு வசதியான எண் அது.) இரண்டு லிட்டருக்கு அறுபது. வந்தவாசி நாற்பத்தைந்து. பதினைந்து கிலோமீட்டர் உபரி. அப்படியே முழு டேங்குக்கும் பெருக்கினேன்: பதினான்கு லிட்டர், முப்பது, ஆக நானூற்றிருபது. அந்த எண்ணைப் பார்த்தபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

அன்வர் பாய் நோட்டை எட்டிப் பார்த்தார். "தம்பி, நாளைக்கி சுப காரியத்துக்கு போற. ஃபுல் பண்ணினு போ. டெஸ்ட்டு இன்னொரு நாள் வெச்சிக்கோ."

"ஃபுல் பண்ணா எவ்ளோ குடிச்சிதுன்னு எப்டி தெரியும் பாய்?"

"இன்னாமோ பண்ணு. நான் வரல."

எட்டரை மணிக்குக் கிளம்பினோம். உண்மையைச் சொல்கிறேன், அந்த முதல் இருபது கிலோமீட்டரைப்போல ஒரு சந்தோஷம் எனக்கு அதற்குப் பிறகு வாய்க்கவில்லை. ஆரணி பஜாரில் டீக்கடைகளிலிருந்து ஆட்கள் கிளாஸோடு வெளியே வந்து பார்த்தார்கள். டவுன் பஸ் டிரைவர் எனக்கு வழிவிட்டுச் சலாம் வைத்தார். தொட்டிக்குள் அத்தை தாம்பாளத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, இருபுறமும் தலையசைத்தபடி, தேர்தலில் ஜெயித்தவர்போல வந்தார். ஊர் தாண்டியதும் இரண்டு பக்கமும் நடவு முடிந்த வயல், காற்று, எஞ்சினின் டுப்டுப். நான் ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு தடவை வண்டியை நிறுத்தி நோட்டில் நேரமும் தூரமும் எழுதினேன்.

"இன்னாடா, போலீஸ் மாதிரி எழுதிகினே வர?" என்றார் அத்தை.

"டெஸ்ட்டு அத்த."

முதல் பெட்ரோல் பங்க் ஆரணி எல்லையில் வந்தது. அப்பா பின்னாலிருந்து என் தோளைத் தொட்டார். "கொஞ்சம் போட்டுக்கலாமா?"

"வேணாம்பா. கணக்கு போட்டாச்சி."

இரண்டாவது பங்க் வந்தது. அப்பா தோளை மட்டும் தொட்டார். நான் வேண்டாமென்று தலையை ஆட்டினேன். மூன்றாவது பங்க்கில் நீலச் சட்டைப் பையன் எங்களைப் பார்த்து ஆசையாகக் கைகாட்டிக் கூப்பிட்டான். அப்பா தோளைத் தொடவில்லை. கையை எடுத்துச் சட்டைப் பையில் இருந்த பணத்தை மட்டும் தொட்டுப் பார்த்துக்கொண்டார். நடுவில் பெட்ரோல் போட்டால் சோதனை கெட்டுவிடும் என்று நான் அவருக்கு ஐந்து நிமிடம் கத்திக் கத்தி விளக்கினேன். "அப்டியா" என்றார். படித்தவன் அல்லவா.

இருபத்தொன்பதாவது கிலோமீட்டரில், ஏரிக்கரையை ஒட்டி, வண்டி இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. மணி ஒன்பது இருபத்தைந்து.

டேங்க் மூடியைத் திறந்து பார்த்தேன். உள்ளே பெட்ரோல் பளபளவென்று இருந்தது. எனக்குப் போன உயிர் வந்தது. "இருக்குப்பா."

"இருந்தா ஏன் நின்னுச்சி?"

அது டிப்ளமா சிலபஸில் வரவில்லை. அன்வர் பாய்க்குப் போன் போட்டேன்.

"டேங்கு கழுத மேல பொதி போட்ட மாதிரி ரெண்டு பக்கமும் தொங்குது பாரு" என்றார் அவர். "கொழா லெஃப்ட்ல இருக்குது. ரைட்டு பக்கம் நிக்கிற அர லிட்டரு தானா வராது. வண்டிய லெஃப்ட்ல நல்லா சாய், வந்துடும்."

"பாய், லெஃப்ட்ல சைடுகார் இருக்கு."

"அத்தையும் அதுலதான் கீறாங்களா?"

"ஆமா பாய்."

"அப்ப நாலு பேர கூப்டு. ரைட்டு பக்கம் புட்ச்சி வண்டியவே தூக்கு. அல்லா இருக்காரு."

அப்பாவுக்கு விளக்கினேன். உள்ளே இருக்கிறது, ஆனால் எஞ்சினுக்கு வராது. அவருக்கு உடனே புரிந்துவிட்டது. "பாவு நூலுல கடைசி முழம் மாதிரி. தறியில கீது, நெய்ய வராது. அத யாராவது புடவையில சேத்து எண்ணுவாங்களா?" என்றார். நான் எண்ணியிருந்தேன்.

ஏரிக்கரையில் நூறு நாள் வேலைப் பெண்கள் ஏழெட்டுப் பேர் மண்வெட்டியோடு நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் போய்க் கைகூப்பினேன். அவர்கள் வந்து வண்டியைச் சுற்றி ஒரு வலம் வந்தார்கள்.

"ஏங்க்கா, நீ எறங்கிட்டா பாரம் கொறையும் இல்ல?" என்றாள் ஒருத்தி அத்தையிடம்.

"எறங்கறதுன்னா ரெண்டு கையும் ஊணி எறங்கணும். தட்ட கீழ வெக்கக் கூடாது, கை மாத்தக் கூடாது. எங்க அண்ணன் பொண்ணு புடவ."

அந்தப் பெண்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. கல்யாணப் புடவை என்றதும் மண்வெட்டியைப் போட்டுவிட்டு, முந்தானையை இடுப்பில் செருகி வலது பக்கம் வரிசையாக நின்றார்கள். "சாமிய பல்லக்குல தூக்கற மாதிரி தூக்குங்கடி" என்றாள் மூத்தவள். தூக்கினார்கள். மோட்டார் சைக்கிள் மேலே எழ, அத்தை இடதுபுறமாகப் பள்ளத்தைப் பார்த்துச் சாய்ந்தார். தாம்பாளம் மட்டும் தராசுத் தட்டுபோல நேராகவே இருந்தது. "டேய் விக்கி, நான் செத்தா இந்த தட்டோடவே கொளுத்துங்கடா" என்ற குரல் ஏரிக்கரை முழுக்கக் கேட்டது. டேங்குக்குள் பெட்ரோல் களுக்கென்று மேடேறி இறங்கியது.

"ஏன் கண்ணு," கையைத் தட்டிக்கொண்டே கேட்டாள் மூத்தவள், "பங்க்குல போட்டா இந்த வண்டி கோச்சிக்குமா?"

"டெஸ்ட்டுக்கா."

"பெயிலா?"

மணி ஒன்பது ஐம்பது. மிச்சம் பதினாறு கிலோமீட்டர். நான் புதிதாகக் கணக்குப் போட்டேன். ஓடிய தூரம் இருபத்தொன்பது, குடித்தது ஒன்றரை லிட்டர், அப்படியானால் லிட்டருக்குப் பத்தொன்பது. அரை லிட்டருக்கு ஒன்பதரை. இந்தக் கணக்கு மிகச் சரியாக இருந்தது. ஒன்பதரையாவது கிலோமீட்டரில் வண்டி நின்றது.

அப்பா இறங்கி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். ஐம்பத்தாறு வயது, முப்பது வருடமாகத் தறிக்குழியில் காலை விட்டுக்கொண்டிருந்தவர் ஓடி நான் பார்த்ததே இல்லை. நானும் பின்னால் ஓடியிருக்கலாம். ஆனால் அத்தையைத் தனியே விட முடியாது. அவரும் என்னைத் தனியே விடவில்லை. "சேவூர் தாண்டும்போதே வெறகு கட்டு எதுருல வந்துச்சி. நான் பாத்தேன். சொன்னா படிச்சவனுங்க கேக்கவா போறீங்க?"

அப்பா அரைக் கிலோமீட்டர் தள்ளிப் பெட்டிக்கடையில் விற்ற ஒரு பாட்டில் பெட்ரோலோடு திரும்பினார். ஊற்றிக் கிளப்பும்போது பத்து இருபத்திரண்டு. மாப்பிள்ளை வீட்டுத் தெருவில் திரும்பும்போது பத்து முப்பத்து நான்கு.

நாலே நிமிடம்.

சம்பந்தியம்மா வாசலில் நின்றிருந்தார். கையில் ஆரத்தித் தட்டு இல்லை, அதை உள்ளே அனுப்பிவிட்டிருந்தார். பக்கத்தில் மாப்பிள்ளை. அவர் கண் முழுக்க வண்டிமேல். தெருவில் இருந்த சனமெல்லாம் கூடிவிட்டது. ராகுகாலத்தில் படியேற முடியாது, தட்டைக் கீழே வைக்கவும் முடியாது. ஆகவே பன்னிரண்டு மணிவரை அத்தை அந்தத் தொட்டியிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். அதுகூடப் பரவாயில்லை. அத்தை வாயைத் திறந்தார்.

"இன்னா பண்றது சம்பந்தி. வழியெல்லாம் தடை மேல தடை. வெறகு கட்டு எதுருல வந்துச்சி, நல்லா ஓடிகினு இருந்த வண்டி ரெண்டு வாட்டி தானா நின்னுச்சி."

அத்தை என்னைக் காப்பாற்றத்தான் சொன்னார். எங்கள் வீட்டுப் படித்த பிள்ளைக்குக் கணக்குத் தெரியாது என்று சம்பந்தி வீட்டு வாசலில் எப்படிச் சொல்வது? அதற்கு விறகுக்கட்டு எவ்வளவோ மேல்.

சம்பந்தியம்மாவின் முகம் மாறியது. "தடையா?" என்றார். பிறகு மெதுவாக, "முகூர்த்த புடவைக்கே தடையா?"

அப்பா என்னைப் பார்க்கவில்லை. தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார், புழுதி படிந்த கால். செய்யாற்று விளக்கு என் கண்முன்னால் அணைந்தது. போனில் பேசும் அக்காவின் குரல் ஞாபகம் வந்தது. வாயைத் திறந்தால் என் படிப்பு போகும், மூடினால் அவள் கல்யாணம் போகும். வண்டியின் பையிலிருந்து நோட்டை எடுத்துக்கொண்டு முன்னால் போனேன்.

"தடை இல்லீங்க. நான் கணக்கு தப்பா போட்டுட்டேன்."

"இன்னா கணக்கு?"

"பெட்ரோல் கணக்குங்க."

அவர் நோட்டை வாங்கிப் புரட்டினார். "எத்தினி லிட்டரு போட்ட?"

"ரெண்டுங்க."

"எத்தினி பேரு?"

"மூணு பேருங்க."

அவர் தொட்டிக்குள் இருந்த அத்தையைப் பார்த்தார். "மூணா?" என்று திரும்பக் கேட்டார். அத்தை தாம்பாளத்தைக் கொஞ்சம் உயர்த்தி வயிற்றை மறைத்துக்கொண்டார்.

"வழில பங்க்கு இல்லியா?"

"மூணு இருந்துச்சிங்க."

"காசு இல்லியா?"

"இருந்துச்சிங்க. நடுவுல போட்டா டெஸ்ட்டு கெட்டுடும்னு."

சம்பந்தியம்மா மாவு மில் நடத்துகிறவர். வாசலோரம் நின்ற தன் மொபெட்டைக் காட்டினார். "தெனம் ரெண்டு மூட்டை அரிசி வெச்சிகினு போறேன். மூட்ட இல்லாம வந்தா அம்பது குடுக்குது. மூட்டையோட வந்தா முப்பது குடுத்தா பெருசு. நான் அஞ்சாவது. நீ இன்னா படிச்சிருக்க?"

"டிப்ளமா மெக்கானிக்கல்ங்க."

"எத்தினி வருசம்?"

"மூணுங்க."

அவர் நோட்டை மூடி என் கையில் வைத்தார். கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "தடைன்னா சாமி குடுக்கறது. இது இவனே குடுத்துகினது. கல்யாணத்துக்கும் இதுக்கும் சம்மந்தம் இல்ல."

"அப்ப ஏதாவது பரிகாரம்..." என்று ஆரம்பித்தார் அத்தை.

"தோஷத்துக்குத்தான் பரிகாரம் சம்பந்தி. இதுக்கு அபராதம்." உள்ளே திரும்பி, "டே சதீசு, அந்த குடைய எடுத்தாந்து அவங்களுக்கு புடி. காப்பி போட சொல்லு" என்றார்.

ஒன்றரை மணி நேரம் மாப்பிள்ளை அத்தைக்குக் குடை பிடித்தார். கை காலியில்லாத அத்தைக்குச் சம்பந்தியம்மாவே இட்லியைப் பிட்டு ஊட்டினார். தெருப்பிள்ளைகள் முறைவைத்து வந்து போட்டோ எடுத்துக்கொண்டார்கள். பன்னிரண்டு அடித்ததும் அத்தையைத் தொட்டியிலிருந்து நாலு பேர் உருவி எடுத்தோம், தாம்பாளத்தோடு. அவர் வாசற்படி ஏற, உள்ளே மணியடித்துக் கற்பூரம் காட்டினார்கள். அப்பா அப்போதுதான் என்னைப் பார்த்தார். "சொன்ன பாரு, அது போதும்" என்றார். திரும்பும் வழியில் முதல் பங்க்கில் என் கையிலிருந்து வண்டிச் சாவியை வாங்கி வைத்துக்கொண்டு, என்னிடம் கேட்காமலே பெட்ரோல் போடச் சொல்லி, மீட்டரைத் தானே பார்த்துக்கொண்டார்.

ரிப்போர்ட்டை எழுதினேன், டேபிள் போட்டு. லிட்டருக்குப் பத்தொன்பது. டேங்கின் கொள்ளளவு பதினான்கு, உதவக்கூடியது பதின்மூன்றரை, போகும் தூரம் இருநூற்றைம்பத்தாறு கிலோமீட்டர், இடையில் எட்டுப் பேர் கிடைத்தால் இன்னும் ஒன்பதரை. சென்னைக்காரர் பதிலாக வாட்ஸப்பில் ஒரு கட்டைவிரலை அனுப்பினார். அதோடு சரி.

இப்போது எனக்கு வேறு வேலை, நாற்காலியும் மின்விசிறியும் உண்டு. ஆனால் வீட்டில் என் கணக்குகளுக்கு இருந்த மரியாதை அந்த வெள்ளிக்கிழமையோடு முடிந்தது. கரண்ட் பில்லை நான் படித்தால் அம்மா பக்கத்து வீட்டில் இன்னொரு தடவை படிக்கச் சொல்கிறாள். விருந்தாளி வரும் நாளில் 'பத்துப் பேருக்கு ரெண்டு படி போதும்' என்று நான் வாயைத் திறந்தால், அக்கா வந்தவாசியிலிருந்து போனிலேயே கேட்கிறாள்: "இது அரிசி கணக்கா, இல்ல விக்கி கணக்கா?"

அபராதம்? அதை மாப்பிள்ளை தீர்மானித்தார். குடை பிடித்த ஒன்றரை மணி நேரமும் அவர் அந்த வண்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். மாப்பிள்ளை ஊர்வலம் அதில்தான், தொட்டியில் அவர் உட்கார, நான் ஓட்ட, பெட்ரோல் என் செலவு என்று முடிவாயிற்று. அன்வர் பாய் வண்டியைக் கேட்டு வாங்கிக் கொடுத்தார். ஊர்வலத்தன்று காலை சம்பந்தியம்மா என்னோடு பங்க்குக்கே வந்து, மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்து, பெட்ரோல் கழுத்தளவு வரும்வரை பங்க் பையனைக் கையை எடுக்கவிடவில்லை. கோயிலிலிருந்து மண்டபத்துக்கு ஒன்றரைக் கிலோமீட்டர். ஆயிரத்து நானூற்று முப்பத்தொரு ரூபாய்.